அம்மா நின்றுகொண்டே வந்த பஸ்

எங்கள் அம்மா கருமத்தம்பட்டியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். எந்தப் பிரசவத்துக்கும் ஒரு மாதம்கூட ஓய்வெடுக்காமல் தறிக்குப் போனவர். அவருடைய பொறுமை, சிக்கனம், பக்தி பற்றியெல்லாம் இந்த நினைவு மலரில் உடன்பிறந்தோர் நால்வரும் எழுதிவிட்டதால், உருப்படாத ஐந்தாமவனான எனக்கு மிஞ்சியது அம்மாவின் வியாதிதான். கூச்சப்படாதீர்கள். "நான் போனதுக்கப்புறம் இதையும் எழுதிப்போடு கண்ணு, நாலு பொம்பளைக தெரிஞ்சுக்கட்டும்" என்று அவரே சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு அடி இறங்கியிருந்தது. அதாவது, கர்ப்பப்பை கீழே தள்ளிக்கொண்டு வந்தது. பல வருஷம் மறைத்து, கடைசியில் என் மனைவியிடம் மட்டும் சொன்னார். எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. ஒருநாள் முழுக்க அம்மாவைப் படுக்கையை விட்டு எழவிடவில்லை. மறுநாள் காலை நண்பனின் வேனில் மெத்தை விரித்து, படுக்கவைத்தே காந்திபுரம் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

மனைவி கூடப் போனாள், நான் வெளியே. டாக்டரம்மா படுக்கவைத்து, கருவி வைத்துப் பார்த்து, "நல்லா முக்குங்கம்மா, இருமுங்க" என்றாராம். படித்தவர் முன்னால் எப்படி முக்குவது? அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கோயிலில் இருமுவதுபோல ஒரு இருமல் இருமினாராம். "பெரிசா ஒண்ணும் இறங்கலையே" என்று முடிந்தது.

வேனில் ஏறியதும் அம்மா என் மனைவியிடம் அழுதார். "ஏன் அம்மணி, நான் பொய் சொல்றேன்னு நெனச்சுப்போட்டாங்களா? இனி யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

எனக்குக் கோபம். திரும்ப உள்ளே போனேன். "ஏனுங்க டாக்டர், எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

"நான் எங்கீங்க சொன்னேன்? எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?"

மெத்தைக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"நாடாக் கட்டில் தொய்ஞ்சது, ஆள் உக்காந்தாத்தானுங்க தெரியும்? படுத்தே கெடந்தா எல்லாம் உள்ள போயிரும். காலைல கம்மியாத்தான் இருக்கும். நாளைக்கு வழக்கம்போல வேலை செய்யட்டும், சாயங்காலம் நின்னுட்டே வரட்டும். நானும் நிக்கவெச்சுப் பார்க்கிறேன்."

வியாதியை ஒளித்துவைத்தவன் நானேதான்!

மறுநாள் அம்மா தறி ஓட்டினார், தண்ணீர் சுமந்தார். சாயங்காலம் மூவரும் பஸ் ஏறினோம். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "வேண்டாங்க, அவங்க நின்னுட்டே வருவாங்க" என்றேன். கூட்டம் நெருக்கிய நெருக்கில் அந்த சீட்டில் நானே விழுந்தேன்.

"ஏனுங்க, பெத்த தாயி நிக்கிறாங்க, நீங்க உக்காந்துட்டு வாரீங்க?" என்றார் கண்டக்டர்.

"அவன் உக்காரட்டுங்க, நான் நிக்கோணும்" என்று அம்மா சிரித்தார். வேனில் அழுத பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அன்று டாக்டரம்மா நிற்கவைத்து, ஒரு காலைப் படியில் தூக்கி வைக்கச் சொன்னாராம். அம்மா இருமிய இருமல் வெளியே எனக்கே கேட்டது. முன்னால் மூத்திரப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல் என்று மூன்றையும் தனித்தனியே பார்த்தாராம். எது இறங்குகிறது, முக்கும்போது எதுவரை வருகிறது, வாசலைத் தாண்டுகிறதா என்றெல்லாம் கணக்கு உண்டாம். கர்ப்பப்பை தாண்டியிருந்தது.

"நீங்க சொன்னது சரிதாங்கம்மா" என்றாராம். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஆனாலும் அம்மா கடைசிவரை திரும்பத் திரும்பச் சொன்னது டாக்டரம்மாவின் அந்த 'சரிதாங்கம்மா'வைத்தான்.

பிறகு எங்கள் வீதியிலேயே ஏழெட்டுப் பெண்கள் அம்மாவிடம் மெதுவாக வந்து காதில் சொன்னார்கள். ஒவ்வொருவரையும் அம்மாவே சாயங்கால பஸ்ஸில் கூட்டிப்போனார். "உக்காந்துராதே அம்மணி. வெக்கப்படாம இருமோணும்" என்பதே உபதேசம்.

அந்த டாக்டரம்மாவுக்கும், என்னைத் திட்டிய கண்டக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போன வருஷம் அம்மாவை மறுபடியும் படுக்கவைத்தேதான் கொண்டுபோனேன். அம்மா பஸ்ஸில் கூட்டிப்போன அந்தப் பெண்களுக்கு வாசலில் நாற்காலி போட்டிருந்தோம். அமரர் ஊர்தி வீதி திரும்பும்வரை ஒருவரும் உட்காரவில்லை. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.