நாலு அடிக்கு ஓர் அங்குலம்

அளவுத்திட்டம் கற்பித்தவர்களுக்குத் தெரியும்: பெரியதைச் சின்னதாக வரையவைப்பது சுலபம், அது சின்னதல்ல என்று பிள்ளையை நம்பவைப்பதுதான் பாடு.

இராசம்மாவை நான் கடைசியாகப் பார்த்தது மாத்தளை ரயில் நிலையத்தில். இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். குடும்பத்தோடு நிரந்தரமாக இந்தியாவுக்குப் புறப்பட்டிருந்தாள். ரயில் நகரும்போது, "படம் பத்திரம் சார்" என்றாள்.

மழையா, வெயிலா?

விகிதத்துக்கு எங்கள் பிள்ளைகளிடம் மாம்பழமும் ஆரஞ்சும் எடுபடாது. கொழுந்துதான் எடுபடும். நாலு இறாத்தல் பச்சைக் கொழுந்துக்கு ஓர் இறாத்தல் தூள் என்றால், நாற்பது இறாத்தலுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"மழையா வெயிலா சார்?" என்றாள் இராசம்மா. மழை நாளில் தண்ணீருக்கென்று கணக்கப்பிள்ளை எடையில் கழிப்பார். வெயில் என்றேன்.

"அப்ப பத்து. ஆனா எங்கம்மா கூடையில எப்பவுமே மழைதான் சார்."

படுத்தால் தெரியும்

அவரவர் குடியிருக்கும் லயக் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, கயிற்றால் அளந்து, நாலு அடிக்கு ஓர் அங்குலமாக வரைந்து வரச் சொன்னேன். வரிசையாகக் கட்டிய லயத்தில் எல்லாக் காம்பராவும் ஒரே அளவு. பன்னிரண்டு அடி நீளம் எல்லோருக்கும் மூன்று அங்குலமாக வந்தது. இராசம்மாவுக்கு மட்டும் இரண்டு.

"அளந்தியா இல்லையா?"

"அளந்தேன் சார். அளந்தா பெருசாத்தான் வருது. நாங்க ஒம்பது பேரு. படுத்தாத்தான் தெரியும்."

அதே கூடத்தின் மறுபக்கம் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அவ சொல்றதும் கணக்குதாங்க."

மறுநாள் சரியாக வரைந்து வந்தாள். அடுப்பு, தம்பியின் தொட்டில் கொக்கி, கூரை ஒழுகும் இடம், எல்லாம் அதனதன் இடத்தில்.

ஒரு சாண்

பாஸ்போர்ட் வந்த வாரம், சுவரில் தொங்கிய வரைபடத்தில் மாத்தளையிலிருந்து அவர்கள் போகவிருந்த திருச்சிவரை நூல் பிடித்தாள். நூல் ஒரு சாண்கூட வரவில்லை. "லீவுக்கு வந்துடலாம் போல" என்றாள்.

கீழே இருந்த அளவைக் காட்டி, மைலாக்கிப் பார்க்கச் சொன்னேன். பெருக்கினாள். விடை சரி. நூலைச் சுருட்டினாள். பிறகு காம்பராப் படத்தை என் மேசையில் வைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும் சார். அங்க வச்சா தொலைஞ்சிடும்."

அங்கே போன மறுவருடம் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று இங்கேயே தங்கிவிட்ட அவள் சித்தப்பா சொன்னார். லயத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள்.

ஒன்பது பேர் படுத்த அந்தக் காம்பரா, அன்று என் மனைவி செருகிவைத்த இடத்திலேயே, மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூன்று அங்குல நீளத்தில் இருக்கிறது.