சேவியருக்குச் சீனி போடாத சாயா

திறந்த அன்று

கடை திறந்த அன்று முதலில் வந்தவள் சாயா கேட்கவில்லை, சுடுதண்ணீர் கேட்டாள். இடுப்பில் கைப்பிள்ளை, கையில் பால் பாட்டில். "அக்கா, பால்பவுடர் கரைக்கணும். ஒரு கிளாசு கொதிச்ச தண்ணி தருவீகளா? வாங்குறதுக்குக் காசில்ல" என்றாள்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "மொத போணியே ஓசியா? வெளங்கிரும்" என்றார்.

நான் காதில் வாங்கவில்லை. பாட்டிலைக் கொதிநீரில் அலசி, தண்ணீர் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுத்தேன். பிள்ளை குடித்து முடிக்கும் வரை அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவளோடு ஜீப்பில் வந்த பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாளிலிருந்து அந்த ஜீப் என் கடை வாசலில்தான் நின்றது. என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் ஓசி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மலையாளத்துப் பக்கம் சக்குபள்ளம் போகும் வழியில், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வளைவில் இருக்கிறது கடை. இப்போது மருமகள் அடுப்படியில் நிற்கிறாள். நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். கடை வைக்க நினைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் சில விஷயங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று நான் செய்த தப்பு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பலகையில் இல்லாதவை

கடை முன்னால் ஒரு பலகை உண்டு. மலையாளத்தில் எழுதியது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், மலையாளம் சுத்தமாக வராது. பலகையில் இருப்பது அதை எழுதிய பெயிண்டருக்குத் தெரியும். பலகையில் இல்லாதது எனக்குத் தெரியும்.

என்னென்ன இல்லை? பாதிச் சாயா இல்லை, ஆனால் கேட்டால் உண்டு. ஆற்றாத சாயா, பொடி தூக்கல், பால் குறைவு, சீனி போடாத வித்தவுட், எலுமிச்சையும் உப்பும் போட்ட, பால் சேராத கட்டன் எல்லாம் உண்டு. பரோட்டா வாங்கினவருக்குக் குழம்பு இரண்டாம் தடவை உண்டு. பல் இல்லாத பழைய கங்காணி ஒருவருக்குப் பன்னின் ஓரத்தை அரிந்துவிட்டு நடுவை மட்டும் சாயாவில் ஊறப்போட்டுக் கொடுப்போம். அரிந்த ஓரம் வெளியில் நிற்கும் நாய்க்கு. அதுவும் பலகையில் இல்லை.

காய் எடுக்கப் போகும் பெண்கள் காலையில் தூக்குவாளியை என்னிடம் வைத்துவிட்டுப் போவார்கள். அடுப்பை ஒட்டி ஒரு சிமெண்டுத் திண்டு கட்டியிருக்கிறேன். மத்தியானம் வரும்போது சோறு சூடாக இருக்கும். கர்க்கடக மாசத்து, நம் ஆடி மாசத்து, அடைமழையில் நனைந்து நடுங்கி வருகிறவளுக்குச் சூடான சோறு எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வேலை பார்த்தவளுக்குத்தான் தெரியும். நானும் பதினாலு வருஷம் காய் எடுத்தவள்.

ஒரு வேடிக்கை. டூரிஸ்டுகள் இறங்கியதும் ஏலக்காய்ச் சாயா கேட்பார்கள். தட்டிப் போட்டால் தோட்டத்துப் பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள். "ஏங்க்கா, காலையிலருந்து அந்தக் கருமத்தத்தான் மோந்துக்கிட்டுக் கெடக்கோம். இங்கயுமா?" என்பார்கள். ஆகவே ஏலக்காய் என் கடையில் கேட்டால் மட்டும்தான்.

யாருக்கு என்ன என்று நான் எழுதி வைத்ததில்லை. எல்லாம் மனசில் இருக்கும். ஜீப்புகளின் ஹாரன் சத்தம் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டதும் கிளாசை எடுப்பேன். டிரைவர் இறங்கி வரும்போது அவருடைய சாயா பெஞ்சில் ஆவி பறக்கும். "பேச்சிக்கா கடையில வாயத் தொறக்க வேண்டாம்" என்று டிரைவர்கள் சொல்லுவார்கள். அந்தப் பேச்சில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அருள்மேரி கேட்டது

சேவியர் ஜீப் டிரைவர். கம்பம் பக்கமிருந்து ஆட்களை ஏற்றி மெட்டு என்கிற மலைக்கணவாய் வழியாகக் காலையில் தோட்டங்களில் இறக்குவார். எட்டு மணிக்கு என் கடையில் இரண்டு தோசை, கடலைக்கறி, ஒரு சாயா. நல்ல மனுஷன். வாய் மட்டும் ஓயாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர் மனைவி அருள்மேரி கடைக்கு வந்தாள். கூட்டம் குறையும் வரை காத்திருந்துவிட்டு அடுப்படிக்கே வந்து என் கையைப் பிடித்தாள்.

"பேச்சிக்கா, எனக்கு ஒரு ஒதவி. அவருக்குச் சுகரு ரொம்ப ஏறிக்கெடக்கு. கால்ல புண்ணு ஆறல. இப்பிடியே போனா வெரல எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக. ஊசி போட ஆரம்பிச்சிருக்கு. வீட்டுல நான் பாத்துக்கிருவேன். வெளிய நீங்கதான் பாக்கணும். அவரு கெஞ்சுனாலும், அழுதாலும், சீனி போட்டுக் குடுக்காதீக."

"ஒம்புருசன் என் கடையில இனி ஒரு சொட்டு இனிப்பு பாக்க மாட்டாரு. போ" என்றேன்.

வாடிக்கையாளர் தனக்கு ஒன்று கேட்பது வழக்கம். வாடிக்கையாளருக்கு என்ன கொடுக்கக் கூடாது என்று அவர் வீட்டிலிருந்து கேட்பதும் எங்கள் தொழிலில் உண்டு. அதுவும் நம்பிக்கைதான். அன்றைக்கே சீனி டப்பாவை அடுப்படியில் மேல் பலகைக்கு ஏற்றிவிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் மற்றவர்களுக்குப் போட அன்றைய தேவைக்கு மட்டும்.

அதற்கப்புறம் தினமும் ஒரு கூத்துதான். சேவியர் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்.

"அக்கா, இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு."

"போன வாரமும் இதத்தான் சொன்ன."

"சரி, சீனி போட வேண்டாம். டப்பாவக் கொண்டாந்து பக்கத்துல வையி. பாத்துக்கிட்டே குடிச்சுக்கிறேன்."

"பாத்தாலும் ஏறுமாம். டாக்டரு சொன்னாரு."

"எந்த டாக்டரு?"

"அருள்மேரி டாக்டரு."

பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வித்தவுட் குடித்துவிட்டுப் போவார். எட்டு மாதம் இப்படியே போனது. புண்ணும் ஆறிவிட்டது. அருள்மேரி எனக்கு ஒரு கிலோ நல்ல மிளகைக் கொண்டுவந்து கொடுத்தாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினோம் என்று நானும் நிமிர்ந்து நடந்தேன்.

மரம் விழுந்த நாள்

அன்று விடியும்போதே காற்றும் மழையும். மெட்டுச் சாலையில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். எட்டு மணிக்கு எந்த ஜீப்பும் வரவில்லை. பத்தரை இருக்கும். கடையில் இரண்டு மூன்று பேர்தான். மூலைப் பெஞ்சில் பிந்து சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவர், மலையாளி. அந்த உப்புப் போட்ட எலுமிச்சைக் கட்டன் அவருக்குத்தான்.

சேவியரின் ஜீப் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. சாலையை விட்டுக் கொஞ்சம் கோணலாக நின்றது. ஆட்கள் இறங்கித் தோட்டத்துக்கு ஓடினார்கள். சேவியர் மெல்ல வந்து பெஞ்சில் சரிந்தாற்போல் உட்கார்ந்தார்.

"அக்கா... சீனி போட்டுக் குடு."

"வந்துட்டாருய்யா! மழையில நின்னும் அடங்கலயா?" என்றேன்.

"சீனி போடுக்கா."

"அருள்மேரிகிட்ட போன் போட்டுக் கேக்கட்டா?"

அவர் பெஞ்சை ஓங்கித் தட்டினார். "ஏய், சீனி போடுடி!" என்று கத்தினார். நாக்கு குழறியது.

அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வழியில் நின்ற நேரத்தில் எங்கோ குடித்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். "குடிச்சுட்டு வர்றவுகளுக்கு இங்க எடமில்ல. இதக் குடிச்சுட்டுக் கெளம்பு" என்று ஒரு வித்தவுட்டை அவர் முன்னால் தொம்மென்று வைத்தேன்.

அவர் கிளாசைப் பிடிக்கப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. அவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

பிந்து சிஸ்டர் ஒரே எட்டில் வந்து அவர் கழுத்தைத் தொட்டார். அந்தக் குளிரிலும் கழுத்தெல்லாம் பிசுபிசுவென்று வேர்வை. "குடிச்சதல்ல சேச்சி! சுகர் தாழ்ந்நு போயி! இன்சுலின் எடுக்குந்ந ஆளா?" என்றார்.

"ஆமா சிஸ்டர், காலையில ஊசி போட்டுக்குவாரு."

"எதாவது கழிச்சோ? சாப்பிட்டாரா?"

எங்கே சாப்பிட்டிருப்பார்? அவர் சாப்பிடுவது என் கடையில்தானே. ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நாலு மணி நேரம் மழையில் நின்றிருக்கிறார்.

"பஞ்சசார கொண்டா! வேகம்!"

சீனிக்கு ஓடினேன். கிண்ணத்தைப் பார்த்தால் காலி. அன்று காலையில் நிரப்ப மறந்திருக்கிறேன். டப்பா மேல் பலகையில். ஸ்டூலைக் காணவில்லை. மழைக்கு ஒழுகும் இடத்தில் வாளி வைக்க யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அடுப்புத் திண்டின் மேல் ஏறினேன், இந்த வயதில். டப்பாவை இழுத்ததும் அது கவிழ்ந்து என் தலையிலும் தரையிலும் கொட்டியது. இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன்.

ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றப் போனேன். சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார். "வெள்ளம் ஒழிக்கண்டா! மயக்கத்துல தண்ணி ஊத்துனா மூச்சுக்குழல்ல போகும்!" அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சீனியை விரலில் ஈரமாக்கி, கன்னத்துக்குள் ஈறில் வைத்துத் தேய்த்தார். திரும்பத் திரும்ப. நான் சேவியரின் தலையை என் மடியில் தாங்கியிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

கண் திறந்தது. உதட்டை நக்கினார். அவரால் விழுங்க முடிகிறதா என்று சிஸ்டர் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சீனித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். போகும்போது, "சேச்சி, இன்னும் பத்து நிமிஷம் ஆயிருந்தா..." என்றார்.

அருள்மேரி வந்தாள்

மத்தியானத்துக்கு மேல் அருள்மேரி வந்தாள். சேதி கேட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். மழைக்கோட்டைக் கூடக் கழற்றவில்லை. அவர் தேறிவிட்டார் என்றாள். நான் எழுந்து நின்றேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

"ஒனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்துறேன்னு ஒம்புருசனக் கொல்லப் பாத்துட்டேன் தாயி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "நான் ஒங்ககிட்ட பாதிதாங்க்கா சொன்னேன். ஊசி போடுறவுகளுக்கு இப்பிடித் தாழ்ந்து போகும், அப்ப உடனே சீனி குடுக்கணும்னு ஆஸ்பத்திரியில எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னாக. அதச் சொன்னா, அவரு நடிச்சே ஒங்கள ஏமாத்திருவாருன்னு மறைச்சிட்டேன்."

அவளுக்கு ஒரு சாயா போட்டேன். எப்படிப் போடட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

நாலு நாள் கழித்து

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு வளைவில் அவர் ஹாரன் கேட்டது. பழக்க தோஷம், கை தானாகக் கிளாசுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். பெஞ்சு நிறைய ஆட்கள்.

சேவியர் வந்தார். உட்காராமல் நின்றார். "அக்கா, அன்னைக்கு எனக்கு ஒண்ணும் நெனவில்ல. ஒன்ன மரியாத இல்லாமப் பேசிட்டேன்னு பசங்க சொன்னாங்க. மன்னிச்சிருக்கா. அக்கான்னு கூப்புட்ட வாயி" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க நாலு நாளாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். செத்துப் பிழைத்த ஆள் என்னிடம் கேட்கிறார். சேர்த்ததெல்லாம் மறந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பக்கத்திலிருந்த ஒரு டிரைவர்தான், "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழுதீகன்னா எங்க தோச கருகிரும்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

இப்போது ஒவ்வொரு பெஞ்சிலும் சீனி ஜாடி, கைக்கு எட்டும் இடத்தில். வீட்டிலிருந்து யாராவது வந்து "இதைக் கொடுக்காதீங்க" என்று சொன்னால், "கொடுக்க வேண்டிய நேரம் எது? அதையும் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்கிறேன். பிந்து சிஸ்டர் ஒரு நாள் உட்கார்ந்து எனக்கும் மருமகளுக்கும் அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தார். வேர்வை, நடுக்கம், குழறல், காரணமில்லாத கோபம். அவர் அதற்கு ஒன்றும் வாங்கவில்லை. அந்தம்மாவுக்கு நான் பட்ட கடனைக் கட்டனில் தீர்க்க முடியாது. தன் தப்பையும் என்னிடம் ஒத்துக்கொண்ட அருள்மேரிக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் முழுப்பாரத்தையும் நான் ஒருத்தி சுமந்திருப்பேன்.

கடை வைக்கிற பிள்ளைகளே, வாடிக்கையாளர் மனசை அறிந்து வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் நேற்றைய ஆள்தான் இன்றைக்கும் வந்திருக்கிறார் என்று நினைக்காதீர்கள். வாயைத் திறந்து கேட்க விடுங்கள். கேட்டதை முழுசாகக் கேளுங்கள். முகத்தையும் பாருங்கள்.

அந்த நாலாம் நாள் சேவியர் உட்கார்ந்ததும் எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்: "என்ன போடட்டும் தம்பி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியாத மாதிரி கேக்குற?"

"தெரியாதுப்பா. நீ சொல்லு."

"ரெண்டு தோச, கடலைக்கறி. சாப்பிட்டப்புறம் ஒரு வித்தவுட்டு" என்றார்.

மருமகள் தோசை கொண்டு வரும் வரை நான் அடுப்படிக்குப் போகவில்லை. அவர் முதல் வாய் வைக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.