மிஷனரி அக்கா

சங்கரன்கோவிலில் சுந்தரபாய்க்குத் தையல் கடை. ஆனால் அவளை யாரும் டெய்லர் என்று சொல்வதில்லை, மிஷனரி அக்கா என்றுதான் சொல்வார்கள். தம்பி பிரேம்சிங் ஆப்பிரிக்காவில் மலாவிக்கு ஊழியத்துக்குப் போன நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போதே தம்பி பெருமையை ஒரு பாட்டம் சொல்லிவிடுவாள். காது கொடுக்காதவர்களுக்குத் துணி தாமதமாகும் என்று ஊரில் கேலி உண்டு. அது அவ்வளவாகப் பொய்யும் இல்லை.

போன வருஷம் மிஷனரி ஞாயிறன்று பிரேம்சிங் அங்கிருந்தே வீடியோவில் ஆலயத்துக்குப் பேசினான். ஆள் வந்திருக்கிறது என்று நடுநடுவே எழுந்து போய்விட்டான். காலி நாற்காலியைப் பார்த்து ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். சுந்தரபாய்க்கு மானம் போயிற்று. அதனால் இந்த வருஷம் முன்கூட்டியே போன் பண்ணினாள்.

“ஏலே, யாரு வந்தாலும் பேசி முடிக்குத வரைக்கும் ஏந்திராத. சபையே பாத்துக்கிட்டிருக்கும்.”

தாயில்லாமல் அவள் வளர்த்த பிள்ளை. அக்கா சொல்லைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

ஞாயிறன்று அங்கே புயல் மழை. ஈரச் சட்டையோடுதான் தூங்கி எழுவதாகவும், மூன்று வேளையும் மக்காச்சோளக் கஞ்சிதான் என்றும் பிரேம்சிங் சொன்னான். தகரக் கூரையில் மழை அடிப்பது ஆலயத்து ஸ்பீக்கரில் கேட்டது. கூரை பறிபோனவர்களுக்காக ஜெபிப்போம் என்று கண்ணை மூடினான். முன்வரிசையில் சுந்தரபாய் பூரித்துப்போய் இருந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

ஜெபத்தைக் கெடுக்கிறார்களே என்று முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மறுபடியும் தட்டினார்கள். பிரேம்சிங் கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தான். எழவில்லை. ஜெபத்தை இன்னும் சத்தமாகச் சொன்னான். அடுத்த தட்டலோடு ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டது. யார் சொல்லுக்காக அவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

“தம்பி, கதவத் திறலே.”

திறந்தான். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு ஒரு பெண், தொப்பலாக நனைந்து நின்றாள். அவன் கூப்பிட்டும் உடனே உள்ளே வரவில்லை. தரை நனைந்துவிடுமென்று உடுத்தியிருந்த துணியை வாசலிலேயே பிழிந்துவிட்டுத்தான் வந்தாள். ஆலயம் மொத்தமும் அதைப் பார்த்தது.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சுந்தரபாயைச் சூழ்ந்துகொண்டார்கள். பாட்டுக் குழுவில் இருக்கும் பெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லலேன்னா அந்தப் பிள்ளைங்க மழையிலயே நின்னிருக்கும்லா அக்கா. எப்பேர்ப்பட்ட மனசு உங்களுக்கு.”

எழுந்திருக்காதே என்று சொன்னதே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அதையும் மெச்சினார்கள்.