ஐம்பத்து நான்காவது பெயர்

தேநீரை ஆறவிட்டுவிட்டு, ஆறிப்போயிற்று என்று குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறார் அழகரத்தினம். செங்கலடியில் எங்கள் நிவாரண அலுவலகத்துக் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. வயது நாற்பத்தெட்டு, தனிக்கட்டை. எதைக் கேட்டாலும் "மறுகா பாப்பம்" என்று பிறகைக்குத் தள்ளிவிடுவார். பிரிண்டர் பழுது என்றாலும் அதே பதில், பெண் பார்க்கட்டுமா என்றாலும் அதே பதில்.

அவர் வாய்விட்டுச் சிரித்துப் பேசியது ஒரே ஆளோடுதான். ஏறாவூர் அப்துல் கபூர், முகாம் முகாமாகப் போய் இடம்பெயர்ந்தவர்களின் விவரம் எழுதி வருபவர். "மச்சான், உன்ர கறியில உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல" என்று சொல்லிச் சொல்லியே அழகரத்தினத்தின் சோற்றுப் பார்சலில் பாதியைத் தின்றுவிடுவார். போன ஆவணியில் வாழைச்சேனைக்கு மோட்டார் சைக்கிளில் போனார். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. இந்தப் பங்குனியோடு ஏழு மாதம். இப்போது அழகரத்தினம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு தனியே தின்கிறார்.

போன கிழமை, எங்கள் பதிவேட்டு மென்பொருளில் ஆட்களை உள்ளே விடும் பகுதிக்குப் புதிய பதிப்பைப் போட்டார். மறுநாள் காலை ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. பழையது, தடுக்கச் சொன்னவரைத் தவிர எல்லாரையும் விட்டது. புதியது, விடச் சொன்னவரைத் தவிர எல்லாரையும் தடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு பெயராகத் தட்டி அனுமதி கொடுக்க வேண்டும்.

"வேலையில இருக்கிற ஆக்கள மட்டும் போடுங்க. முகாம் விவரம் வெளிய போனா சனத்துக்குத்தான் ஆபத்து" என்றார் பொறுப்பாளர் அருமைநாயகம். நியாயமான பேச்சுத்தான்.

மதியத்துக்குள் ஐம்பத்து மூன்று பெயர் முடிந்தது. கபூரின் பெயரில் வந்து கை நின்றுவிட்டது. இத்தனை மாதமும் அந்தப் பெயர் அதுபாட்டுக்குக் கிடந்தது; யாரும் எதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. இனிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். சேர்க்காமல் விட்டால், அவர் வரமாட்டார் என்று இவரே எழுதிக் கொடுத்த மாதிரி. பாவி மனிதர், பார்சலைக்கூடப் பிரிக்காமல் இருந்தார்.

"முடிஞ்சிதா?" என்று பொறுப்பாளர் கதவடியில் நின்று கேட்டார்.

"ஒரு ஆள் மிச்சம், சேர். அவர் வேலைய விட்டதெண்டு கடிதம் ஒண்டும் தரல்லியே."

பொறுப்பாளர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அழகரத்தினம் அந்தப் பெயரையும் போட்டார். உள்ளே வரலாம், ஆனால் முகாம் விவரம் எதுவும் தெரியாது என்ற அளவில். "முதல்ல வரட்டும். மிச்சத்த மறுகா திறந்து குடுப்பம்" என்றார், நான் கேட்காமலே.

புதிய கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதினார். கபூரின் மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சி பூட்டியே கிடக்கிறது. அந்தப் பூட்டின் திறப்பு கபூரின் சட்டைப் பையில் போனது. துண்டை நாலாக மடித்து, லாச்சி இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். அது அடியில் விழுந்த சத்தம் கேட்கும்வரை குனிந்தே நின்றார்.