ரத்தினம் அண்ணனின் தராசும் எங்கள் வீட்டுப் பதினொரு வெள்ளிக் காசும்

மூத்த பேத்தி டீச்சர் ஆனதை இந்த ஃபேஸ்புக்கில் போட்டேன். பேரனுக்குக் கொழும்பில் பேங்க் வேலை கிடைத்ததைப் போட்டேன். கடைக்குட்டி ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணினதைப் போன மாதம்தான் போட்டேன். எல்லாரும் வாழ்த்தினீர்கள்.

இன்றைக்குப் போடுவது வேறு. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தராசுக் கடை வைத்திருந்த ரத்தினம் அண்ணன் காலையில் இறந்துவிட்டார்.

செல்வி திருடி இல்லை என்று என்னைத் தவிரத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இனி நான் மட்டும்தான்...

செல்வி என் கொழுந்தன் பொண்டாட்டி. பெரகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்தோம். நான் கொழுந்து பறிக்கப் போகும்போது வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும்.

என் மாமியாரின் அம்மா இந்தியாவிலிருந்து மடியில் முடிந்து கொண்டுவந்த பதினொரு வெள்ளி ரூபாய் எங்கள் வீட்டில் இருந்தது. ராஜா தலை போட்ட காசு.

இரண்டாயிரம் பிறந்த புதிது. பழைய காசு சேர்க்கிற ஒருவர் பெரகலைக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரர் காசுகளை எடுத்துப் போனார். போகும்போது பருப்பு நிறுக்கும் கடைத் தராசில் மொத்தமாக நிறுத்துப் பார்த்தாராம். காசுக்கு ஒரு தோலா என்ற கணக்குக்குச் சரியாக இருந்ததாம்.

காசுக்காரர் தன் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். "ஒம்போது எடுக்கலாம். இந்த ரெண்டும் எடை காணாது. டூப்ளிகேட்."

அவ்வளவுதான். வீட்டுக்காரர் ஒன்றையும் விற்காமல் பதினொன்றையும் கொண்டுவந்து போட்டார். வீட்டில் நெருப்புப் பிடித்தது.

சாவி வைத்திருந்த செல்வியை மூன்று தடவை கேட்டோம். மூன்று தடவையும் "நான் எடுக்கலக்கா" என்றாள். நான்தான் கேட்டேன். "அப்ப காசு என்ன காலு மொளச்சு போயி வேற காசா திரும்பி வந்துச்சாடி?"

கொழுந்தன் அவளைக் கைப்பிள்ளையோடு ஹல்துமுல்லையில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அவள் அம்மா ஆள் அனுப்பினார். எந்தத் தராசு, யார் நிறுத்தது என்று கேட்டு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பொய் சொல்லாத தராசு ஒன்று வாங்கி, அவள் திருடி என்று எல்லார் முன்னாலும் காட்டுகிறேன் என்று காசுகளையும் எடுத்துக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன்.

அப்படித்தான் ரத்தினம் அண்ணனைத் தெரியும்.

கண்ணாடி மேசையில் மூன்று தராசு வைத்தார். பித்தளைத் தட்டு வைத்தது ஒன்று, ஸ்பிரிங் வைத்தது ஒன்று, பற்றரி போட்ட சின்னது ஒன்று.

"எதுண்ணே பொய் சொல்லாது? தோட்டத்துக் கொழுந்துத் தராசுல தெனமும் ரெண்டு கிலோ ஏமாந்துட்டு வர்றவ நான்."

சிரித்தார். "தராசு பாவம் தங்கச்சி. மேச ஆடுனா அதுவும் ஆடும். மொதல்ல ஃபேன நிப்பாட்டணும்."

ஸ்பிரிங் தராசைத் தள்ளி வைத்தார். அது கருவாட்டுக்கு என்றார். காசுக்கு, புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் காட்டுகிற தராசுதான் வேண்டுமாம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், புள்ளிக் கணக்கு வராது. ஒரு கிராமை நூறு துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு என்று விரலில் காட்டினார்.

எடை தெரிந்த படிக்கல்லை முதலில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு, "ஒரே காச மூணு வாட்டி எடுத்து எடுத்து வைங்க. மூணு வாட்டியும் ஒரே பேச்சுப் பேசுனா வாங்கிட்டுப் போங்க."

பற்றரித் தராசு மூன்று தடவையும் ஒரே எண்ணைக் காட்டியது.

பதினொன்றையும் வைத்தார். ஒன்பது காசில் தேய்மானம் கொஞ்சம்தான். அந்த இரண்டிலும் அரைக் கிராம் போலக் குறைந்தது. "பாத்தீங்களாண்ணே!" என்றேன். எனக்குச் சந்தோஷம்... அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் இரண்டையும் கண்ணாடியில் போட்டுச் சத்தம் கேட்டார். மற்றதையும் போட்டார். ஒரே சத்தம், வெள்ளிச் சத்தம். லென்ஸ் வைத்துப் பார்த்தார். அந்த இரண்டிலும் ராஜாவுக்குக் காது இல்லை.

"இது ரெண்டும் எங்க இருந்துச்சு?"

"மாரியம்மன் படத்துக்கு முன்னால. மத்தது பெட்டியில."

"எதுல தேப்பீங்க?"

"புளியும் செங்கப்பொடியும். வெள்ளிக்கெழமை தவறாது."

"எத்தன வருஷமா?"

"கல்யாணமாகி வந்ததுல இருந்து..."

ஃபேனைத் திரும்பப் போட்டார். "யாரும் மாத்தல தங்கச்சி. வெள்ளி ஒங்க கையிலயே போயிருச்சு."

வீட்டுக்கு வந்தேன். எல்லாரும் வாசலில் நின்றார்கள். "ரெண்டு காசு எடை கொறையுதுதான்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டவுனுக்குப் போனால் ரத்தினம் அண்ணன் கூப்பிட்டுக் கேட்பார். "சொல்லிட்டீங்களா?"

"தீபாவளி கழியட்டும்ணே."

"சொல்லிட்டீங்களா?"

"பொங்கல் கழியட்டும்ணே."

இரண்டு வருஷத்தில் செல்வி காய்ச்சலில் போய்விட்டாள். சாவு வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. அவள் அம்மா என்னைப் பார்த்தார்.

செல்வி போய்விட்டதை ரத்தினம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்டதே இல்லை. "புள்ளைங்க சுகமா தங்கச்சி?" அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன் அண்ணே. பிந்திவிட்டது. போய் வாங்க.

என் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். செல்வி எடுக்கவில்லை.

கவிதா, செல்வி மகளே, நீ இங்கே இருக்கிறாய் என்று பேத்தி சொன்னாள். உன் அம்மாவின் படம் ஒன்று போடம்மா. பெரியம்மா கேட்கிறேன். எங்களிடம் இருந்த பொங்கல் படத்தில் அவள் நின்ற பக்கத்தை அப்போதே பிளேடால் வெட்டிவிட்டோம். அவள் கை மட்டும் என் தோளில் இருக்கிறது.