நைனா பிடுங்காத பல்

ஜெர்மனியில் பல் வைத்தியர்கள் வெகுகாலம் இரண்டு சாதியாக இருந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஒரு சாதி, யாரிடமாவது தொழில் பழகிக்கொண்டவர்கள் இன்னொரு சாதி. நெடுநாள் சண்டைக்குப் பிறகு ஒரு சட்டம் வந்து, பழகியவர்களுக்கும் கொஞ்சம் பாடம் நடத்தி, எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டது. இங்கே பல் மருத்துவராக வேலைக்கு வந்த புதிதில் இதைப் படித்தேன். திருத்தணியில் பிறந்த பாவத்துக்கு என் நைனாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மலையடிவாரத்தில் பல் கட்டும் கடை வைத்திருந்தார். பட்டம் கிடையாது, பெரியப்பாவிடம் கற்றது. எனக்கு ஒன்பது வயதானபோது எதிர்ச்சாரியில் பட்டம் வாங்கிய டாக்டர் ஒருவர் வந்து கடை விரித்தார். அந்த மாதம் பார்த்துத்தான் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்து, கன்னம் பூரி மாதிரி உப்பியது.

நைனா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கை குறடு பக்கம் போகவே இல்லை. என்னைச் சாலை தாண்டிக் கூட்டிப்போய், செருப்பை வெளியே விட்டுவிட்டு, அந்த டாக்டர் முன்னால் கைகட்டி நின்றார். பல்லை டாக்டர்தான் எடுத்தார். ஊருக்கே பல் பிடுங்குகிறவரின் பெண்ணுக்கு இப்படி ஒரு அவமானமா! பள்ளிக்கூடத்தில், "நைனாதான் புடுங்குனாரு, வலிக்கவே இல்ல" என்று எல்லோரிடமும் அளந்துவிட்டேன்.

நாலாம் நாள் என் பொய் கடைக்கே வந்தது. என்னோடு படிக்கும் ஒருத்தி, வீங்கிய கன்னத்தோடு, அவள் அம்மாவுடன் நின்றாள்.

"உங்க பொண்ணுக்கு நீங்கதான் சரி பண்ணீங்களாமே?"

கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள், நானும் அங்கேதான் இருந்தேன். ஆங் என்று மட்டும் நைனா சொல்லிவிட வேண்டுமே என்று மலை மேலிருக்கும் முருகனை வேண்டிக்கொண்டேன். நைனா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இல்லம்மா. எம் பொண்ணயே எதிர்க்க டாக்டராண்டதான் இட்டுகினு போனேன். சீழ் புடிச்சிகினா எனக்குப் பாக்கத் தெரியாது. நீயும் அங்கயே போ, லேட் பண்ணாத."

அவர்கள் போனார்கள். காத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அப்புறம் அந்தக் கடையில் அத்தனை பேரைச் சேர்ந்தாற்போல் நான் பார்த்ததில்லை.

போன வருடம் இங்கே ஒரு குழந்தையின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இது என்னால் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று முதல்முறையாகச் சொல்ல வேண்டிவந்தது. என்னிடம் பட்டம் இருந்தது. எழுந்து போக யாரும் காத்திருக்கவில்லை. அப்படியும் வாய் வருவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நைனாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குத்தான் அப்போது நான் ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.