பாரிஸ் மேடத்துக்கு நான் கற்றுக்கொடுத்த தமிழ்

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, ஒரு சனிக்கிழமை அப்பா என்னை வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு வழிகாட்டியாக நியமித்தார். தம் தொழிற்சாலைக்குப் பாரிஸிலிருந்து ஒரு மேடம் வந்திருக்கிறாராம், கடைவீதிகளைச் சுற்றிப்பார்க்க ஆசைப்படுகிறாராம். மேடத்துக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, எனவே இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் நான் கூட வந்தே ஆகவேண்டும். பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத உத்தியோகம் அது.

பொங்கலுக்கு எடுத்த பாவாடை சட்டையை அம்மா நான் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு டப்பாவில் சோறும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் கட்டினாள். வெள்ளைக்காரிக்குக் கருவாடா என்று எனக்கு மானம் போயிற்று. யார் கேட்டாலும் ஆபீஸ் டூரிஸ்ட் என்று சொல்லவேண்டும் என்று ரயில் ஏறும்வரை அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

சென்ட்ரலில் நின்றிருந்த மேடம் வெள்ளையாக இல்லை. ஜீன்ஸ், தொப்பி, கழுத்தில் பெரிய கேமரா எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நிறம் மட்டும் எங்களுடையது. என்னைப் பார்த்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், உடனே திரும்ப மாட்டிக்கொண்டார். ரகசியமாக அப்பாவைக் கேட்டேன். "வெளிநாடுன்னா எல்லாருமே வெள்ளையா இருக்கணுமா?" என்றார்.

பாரிமுனைச் சந்துகளில் மேடம் எந்தக் கடையிலும் நிற்கவில்லை. எவர்சில்வர் டம்ளரை எடுப்பார், வைப்பார். ரிப்பனைத் தொடுவார், அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். கேமராவை ஒருமுறைகூடக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. நான் விடாமல் பாடம் நடத்தினேன். "திஸ் இஸ் வளையல்." அவர் "வலயல்" என்றார். நாக்கை மடக்கிக் காட்டித் திருத்தினேன். சிரித்தவர், சிரிப்பு முடியுமுன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் சென்ட்ரல் பெஞ்சில் டப்பாவைத் திறந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் கையாலேயே அள்ளிச் சாப்பிட்டு, டப்பாவின் ஓரத்தை விரலால் வழித்தார். பிறகு ஆவடி மார்க்கெட்டைப் பார்க்கவேண்டும் என்று இங்கிலீஷில் என்னிடம் சொன்னார். ஆவடி மார்க்கெட்டைப் பார்க்கப் பாரிஸிலிருந்து ஆள் வருமா? அப்பா "வேணாம்" என்பதற்குள் அவர் பிளாட்பாரத்தில் பாதி தூரம் போயிருந்தார்.

ரயிலில் உட்காரவே இல்லை. வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசலில் நின்று தலையை வெளியே நீட்டினார். "ஏய், உள்ள வா," என்றார் அப்பா. மேடத்தைப் போய் ஏய் என்று கூப்பிடலாமா என்று அப்பாவைக் கண்டித்தேன்.

ஆவடி மார்க்கெட்டில் அப்பா வெயிலுக்குப் போடுவதுபோலத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நாலு கடைக்கு ஒருமுறை திரும்பி, "போதும், கெளம்பலாம்," என்றார். எனக்குக் கொய்யா வேண்டும்போல் இருந்தது. வண்டிக்காரர் விலையைச் சொன்னதும், என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாண்ணா, கொயந்தன்னா வாய்க்கு வந்த வெல சொல்வியா? அடிபட்ட பயத்த அடியில வச்சிக்கினு மேல நல்லத அடுக்கிக்கீற. எனுக்குத் தெரியாதா?"

மேடம்தான். வண்டிக்காரர் அசந்துபோனார். "கோச்சிக்காதம்மா, நீயே பொறுக்கிக்க. எந்த ஊரு நீ?"

அவர் அப்பாவைப் பார்த்தார். "பாரிஸ்," என்றார்.

"பாரிஸ் கார்னரா? அதான பார்த்தேன்," என்று பாரிமுனையைத்தான் சொல்வதாக நினைத்து வண்டிக்காரர் தராசை எடுத்தார்.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். நாரைக் கீழே போட்டுவிட்டுப் பாதி எழுந்து, "யம்மா, நீ நம்ம பருத்திப்பட்டு..." என்று தொடங்கினாள். அப்பா எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். கொய்யா வண்டியிலேயே கிடந்தது. மேடம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் என்னை மூச்சு முட்ட அணைத்தார். டாட்டாகூடச் சொல்லாமல், ஓடுவதுபோல ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார்.

அவர் என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. ஆவடியில் ஒரு கிறிஸ்தவப் பையனை விரும்பி, மாதா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு போனவர். அன்றிலிருந்து தாத்தா அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். பெயரே காதில் விழாததால், அப்படி ஒரு அத்தை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொன்னது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சாதனை ஒன்றுதான். வீட்டுக்குள் நுழைந்ததும், டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த தாத்தாவிடம் போய், ஒரே நாளில் ஒரு டூரிஸ்டுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. இடுப்பில் கைவைத்து, அதே குரலில், அதே இழுப்பில், "இன்னாண்ணா, கொயந்தன்னா..." என்று முழுவதும் நடித்துக் காட்டினேன்.

தாத்தா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அப்பாவின் கை சட்டைப் பொத்தானிலேயே நின்றுவிட்டது. சமையலறையில் அம்மா குழாயை மூடினாள். யாருமே என்னைப் பாராட்டவில்லை.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே தாத்தா கேட்டார்: "எளச்சிகீறாளா?"

அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த ஒருவர் இளைத்திருக்கிறாரா இல்லையா என்று நான் எப்படிச் சொல்வது? இவ்வளவு வயதாகியும் தாத்தாவுக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, பாவாடையை மாற்ற உள்ளே ஓடினேன்.